பேர் யாருக்கு, கணக்கு யாருடையது: ஆய்விதழ் நெறிமுறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்திலிருந்து வரும் சிறிய தமிழ் ஆய்விதழ் ஒன்றின் பதிப்பாசிரியர் குழுவில் இருக்கிறேன். அதற்கு முன் தோட்டப் பாடசாலையில் படிப்பித்தேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அட்டனில் ஆய்வு மாணவர்களும் ஆசிரியர்களுமாகக் கூடுகிறோம். பேராதனையில் முதுதத்துவமாணி செய்பவர்கள் வருவார்கள். பத்தனை ஸ்ரீபாத கல்லூரியில் பயிற்சி முடித்து, படிப்பித்துக்கொண்டே மேலே படிப்பவர்கள் வருவார்கள். பதுளைப் பக்கமிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருபவர்களும் உண்டு. அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் எழுதி வைத்தால் வர முடியாதவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது. சில பதில்கள் நீளமாக இருக்கும். அந்த இடங்களில்தான் நம் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆய்வில் முறைகேடு என்று எதைச் சொல்கிறீர்கள்?

இல்லாத தரவை உண்டாக்குவது. இருக்கும் தரவை வேண்டிய முடிவுக்கு ஏற்ப மாற்றுவது. மற்றவருடைய எழுத்தையோ எண்ணத்தையோ அவர் பெயர் சொல்லாமல் எடுப்பது. உலகம் முழுக்க இந்த மூன்றையும்தான் முதலில் வைத்துப் பேசுகிறார்கள். இவற்றைச் சுற்றி இன்னும் பல உண்டு: உழைக்காதவர் பேரைக் கட்டுரையில் போடுவது, ஒரே கட்டுரையை இரண்டு இடத்துக்கு அனுப்புவது, பணம் தந்தவர் யார் என்பதை மறைப்பது, அனுமதி வாங்காமல் மனிதர்களிடம் தகவல் எடுப்பது.

தெரியாமல் செய்த பிழை முறைகேடு ஆகாது. கூட்டலில் தவறு வரும், அட்டவணையில் வரிசை மாறும். அதைச் சொல்லித் திருத்தினால் போதும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். தோட்டக் குடும்பங்களின் கடன் பற்றி ஒரு கட்டுரை வந்தது. 120 குடும்பங்கள், அழகான அட்டவணைகள். படிக்கப் படிக்க எனக்கு ஏதோ இடித்தது. நம் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு பாட்டியிடம் வயது கேட்டால் என்ன சொல்வார்? "அறுவது இருக்கும்" என்பார், "எழுவதுன்னு போட்டுக்க" என்பார். அதனால் உண்மையாகவே வீடு வீடாகப் போய் எடுத்த பட்டியலில் 60, 65, 70 என்ற வயதுகள் குவிந்து கிடக்கும். கடன் பற்றிய கேள்வியில் பாதிப் பேர் வாய் திறக்க மாட்டார்கள், பெட்டி காலியாக இருக்கும். இந்தக் கட்டுரையில் வயதுகள் ஒழுங்காகப் பரவிக் கிடந்தன. காலிப் பெட்டி ஒன்றுகூட இல்லை.

வினாக்கொத்துகளை அனுப்பச் சொன்னோம். ஒரு பெட்டியில் வந்தது. 35 வரைக்கும் வேறு வேறு பேனை, மடிப்பு, தேத்தண்ணிக் கறை. அதற்குப் பிறகு எல்லாத் தாளிலும் ஒரே நீல மை, ஒரே சாய்வில் சரி அடையாளம். கேட்டபோது அந்தத் தம்பி மறைக்கவில்லை. மண் சரிந்து பாதை மூடிவிட்டது, சமர்ப்பிக்கும் திகதி நெருங்கிவிட்டது, மீதியை வீட்டில் இருந்து நிரப்பிவிட்டேன் என்றார். கட்டுரையை நிராகரித்தோம், அவர் படிக்கும் நிறுவனத்துக்கும் எழுதினோம். எனக்கு இன்றைக்கும் கவலை தருவது என்னவென்றால், 35 குடும்பங்களோடு நின்று, பாதை மூடியதையும் எழுதி அனுப்பியிருந்தால் அதையே நாங்கள் வெளியிட்டிருப்போம்.

கட்டுரையில் யாருடைய பேர் வரலாம்?

இந்தக் கேள்வியை மலையகத்தில் வளர்ந்தவருக்கு விளக்குவது சுலபம். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். சொன்ன கிலோ கொழுந்து வரவில்லை என்றால் அரைப்பேர். செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் விழாவிட்டால் மலையில் நின்ற அந்த நாள் இல்லாத நாள். எங்கள் அம்மா மாதக் கடைசியில் சம்பளச் சீட்டை வாங்கி முதலில் தொகையைப் பார்க்க மாட்டார், எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்றுதான் எண்ணுவார். கட்டுரையின் தலைப்புக்குக் கீழே வரும் பேரும் இதே மாதிரி ஒரு கணக்குத்தான். உழைத்தவருக்கு விழ வேண்டும், உழைக்காதவருக்கு விழக்கூடாது.

மருத்துவ இதழ்ப் பதிப்பாசிரியர்களின் சர்வதேசக் குழு இதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. நான்காவதை 2013இல் சேர்த்தார்கள். ஆய்வின் எண்ணத்திலோ வடிவமைப்பிலோ தரவு எடுப்பதிலோ பகுத்துப் பார்ப்பதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது கருத்தோடு திருத்தியிருக்க வேண்டும். கடைசி வடிவத்தைப் படித்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும். நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் பொறுப்பேற்று நிற்கத் தயாராக இருக்க வேண்டும். நான்கும் சேர்ந்து இருந்தால்தான் ஆசிரியர். மருத்துவத்துக்கு எழுதிய விதிதான், ஆனால் மற்றத் துறை இதழ்கள் பலவும் இதைப் பின்பற்றுகின்றன. பேர் வரிசைக்குத் துறைக்குத் துறை வழக்கம் மாறும், ஆகவே ஆய்வு தொடங்கும் நாளிலேயே பேசி ஒரு தாளில் எழுதி வையுங்கள். யார் என்ன செய்தார் என்பதை 14 வகையாகப் பிரித்துக் குறிக்கும் கிரெடிட் என்ற முறை ஒன்றும் இருக்கிறது. எங்கள் இதழில் அதைச் சுருக்கித் தமிழில் கேட்கிறோம்.

பணம் திரட்டித் தந்தது, துறைத்தலைவராக இருப்பது, கணினியும் அறையும் தந்தது, இவை எதுவும் ஆசிரியர் ஆவதற்குப் போதாது. நன்றியுரையில் எழுதலாம்.

மாணவர் எழுதும் எல்லாவற்றிலும் மேற்பார்வையாளர் பேர் இருக்க வேண்டும் என்ற வழக்கம் சில இடங்களில் ஊறிப்போயிருக்கிறது. முந்தின காலத்தில் வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும், ஆட்களைத் திரட்டி வேலை வாங்கிய பெரிய கங்காணிக்குத் தலைக்காசு போகும். அந்த முறையை நம் தாத்தாமார் எப்படி அனுபவித்தார்கள் என்று கதை கதையாகக் கேட்டு வளர்ந்த நாம், அதையே பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. உண்மையாக வழிகாட்டி, வரி வரியாகத் திருத்தித் தரும் மேற்பார்வையாளர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் பேர் கட்டாயம் வர வேண்டும்.

அப்புறம் எல்லாரும் மறந்துவிடும் ஒருவர்: தோட்டத்தில் உங்களை வீடு வீடாகக் கூட்டிப்போன தங்கச்சி. கேள்வியை நம் பேச்சில் மாற்றிச் சொன்னது அவள்தான். எந்த வீட்டில் எந்த நேரம் போக வேண்டும் என்று தெரிந்திருந்ததும் அவளுக்குத்தான். பகுத்துப் பார்ப்பதிலும் எழுதுவதிலும் அவளைச் சேர்த்திருந்தால் ஆசிரியர் பட்டியலிலேயே இடம் உண்டு. சேர்க்கவில்லை என்றால், அவள் சம்மதம் கேட்டு நன்றியுரையில் பேரோடு எழுதுங்கள். "களத்தில் உதவியோர்" என்று மொத்தமாகப் போட்டு முடிக்காதீர்கள்.

1869இல் கோப்பி இலையில் வந்த நோயைப் பற்றி இங்கிலாந்தில் பூஞ்சை ஆய்வாளர் பெர்க்லி எழுதினார். இலைகளை அனுப்பியவர் பேராதனைப் பூங்காவின் இயக்குநர் துவைட்ஸ். இருவர் பேரும் இன்றுவரை நிற்கிறது. செடியில் முதலில் அந்த மஞ்சள் தூளைக் கண்ட தோட்டத்து ஆள் யாரென்று தெரிய வழியில்லை. நம் காலத்துக் கட்டுரைகளிலாவது அந்த இடம் வெற்றிடமாக இருக்கக் கூடாது என்று விரும்புகிறேன்.

நான் எழுதிய கட்டுரை என் பேர் இல்லாமல் வெளிவந்துவிட்டது. என்ன செய்யலாம்?

எனக்கும் இது நடந்தது. முதல் ஆய்வு, இரண்டு வருட உழைப்பு. இதழைப் பிரித்துப் பார்த்தால் என் பேர் நன்றியுரையில், அதுவும் எழுத்துப் பிழையோடு. அன்றைக்கு யாரிடம் போவது என்று தெரியாமல் அழுதுவிட்டு இருந்துவிட்டேன். நீங்கள் அப்படி இருந்துவிடாதீர்கள்.

முதலில் ஆதாரங்களை ஒன்றுசேருங்கள்: திகதியோடு உள்ள வரைவுகள், மின்னஞ்சல்கள், வட்ஸ்அப் செய்திகள், களக் குறிப்புப் புத்தகம். பிறகு சம்பந்தப்பட்டவரிடம் எழுத்தில் கேளுங்கள். கோபத்தில் எழுத வேண்டாம், ஒரு நாள் கழித்து எழுதுங்கள். சரியான பதில் வராவிட்டால் இதழின் பதிப்பாசிரியருக்கும் உங்கள் பீடத்துக்கும் எழுதலாம். யார் எவ்வளவு உழைத்தார் என்று தீர்மானிக்கும் வசதி இதழுக்குக் கிடையாது, அது நிறுவனத்தின் வேலை. நிறுவனம் தீர்மானித்த பிறகு இதழ் திருத்தம் வெளியிடும். பேர் சேர்க்கவோ எடுக்கவோ எல்லா ஆசிரியர்களின் கையெழுத்தும் கேட்போம்.

எத்தனை சதவீதம் ஒத்துப்போனால் எழுத்துத் திருட்டு?

அப்படி ஒரு எண் இல்லை. மென்பொருள் 30 சதவீதம் காட்டும், போய்ப் பார்த்தால் உசாத்துணைப் பட்டியலும் சட்டப் பிரிவுகளின் பெயர்களுமாக இருக்கும். இன்னொன்று 4 சதவீதம் காட்டும், அந்த நான்கும் ஒரே பந்தியாக, இன்னொருவருடைய முடிவுரையாக இருக்கும். எண்ணைப் பார்த்து முடிவெடுக்கும் பதிப்பாசிரியர் தன் வேலையைச் செய்யவில்லை. ஒத்துப்போகும் இடத்தைத் திறந்து படிக்க வேண்டும்.

தமிழில் இன்னொரு சிக்கல். ஆங்கிலக் கட்டுரையையோ சிங்கள ஆய்வேட்டையோ தமிழாக்கித் தன்னுடையதாகத் தந்தால் மென்பொருள் லேசில் பிடிக்காது. வெளியிடுமுன் கட்டுரையைப் படித்து மதிப்பிடும், துறை தெரிந்த மீளாய்வாளர்தான் பிடிப்பார். பிடிபடாது என்பதற்காக அது திருட்டில்லை என்று ஆகாது. மொழிபெயர்ப்பு நல்ல வேலை, தேவையான வேலை. மூல ஆசிரியரிடமும் பதிப்பகத்திடமும் கேட்டு, மொழிபெயர்ப்பு என்று தலைப்பிலேயே போட்டு அனுப்புங்கள், மனநிறைவோடு வெளியிடுகிறோம்.

உங்கள் பழைய கட்டுரையின் பகுதியை மறுபடி எடுத்தாலும் சொல்ல வேண்டும். ஒரே தரவைத் துண்டு துண்டாக வெட்டி ஐந்து கட்டுரை ஆக்குவதும் படிப்பவரை ஏமாற்றுவதுதான்.

செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா?

எழுத்துப் பிழை பார்க்க, ஆங்கிலச் சுருக்கத்தைச் சீர்செய்யப் பயன்படுத்தலாம். என்னத்துக்குப் பயன்படுத்தினீர்கள் என்று கட்டுரையில் சொல்லிவிடுங்கள். சாட்ஜிபிடி போன்றவற்றை ஆசிரியராகப் போட முடியாது என்று 2023இலேயே கோப் அமைப்பு சொல்லிவிட்டது. கோப் என்பது வெளியீட்டு நெறிமுறைக் குழு. பிரித்தானியாவில் மருத்துவ இதழ்ப் பதிப்பாசிரியர்கள் சிலர் 1997இல் தொடங்கியது, இப்போது எல்லாத் துறை இதழ்களும் அதன் வழிகாட்டலைப் பார்க்கின்றன. கருவியை ஆசிரியராகப் போட முடியாததற்குக் காரணம் நேரானது: கட்டுரைக்குப் பொறுப்பேற்று நிற்க ஒரு கருவியால் முடியாது.

பெரிய ஆபத்து உசாத்துணைப் பட்டியலில் இருக்கிறது. இல்லாத கட்டுரைகளை இந்தக் கருவிகள் இருப்பதுபோலவே எழுதித் தரும். போன வருடம் வந்த ஒரு கட்டுரை எங்கள் இதழையே மேற்கோள் காட்டியது, பக்கம் 211 முதல் 228 வரை என்று. அலுமாரியிலிருந்து அந்த இதழை எடுத்துப் பார்த்தேன். மொத்தமே 140 பக்கம்தான். நீங்கள் திறந்து படிக்காத எதையும் பட்டியலில் போடாதீர்கள்.

தோட்டத்தில் ஆய்வு செய்யப் போகிறேன். துரையிடம் அனுமதி வாங்கிவிட்டேன். போதுமா?

போதாது. துரை தோட்டத்தை நிர்வகிப்பவர், அவர் கடிதம் தோட்டத்துக்குள் நுழைவதற்கு மட்டும். பேசப்போகும் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சம்மதிக்க வேண்டும். மாட்டேன் என்று சொல்ல உண்மையாகவே இடம் இருக்க வேண்டும். கங்காணி பக்கத்தில் நிற்கும்போது, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் வைத்து, "என்ன, பேசுவீங்கதானே?" என்று கேட்டால் கிடைப்பது சம்மதம் ஆகாது.

மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுக்கு 1964இல் ஹெல்சிங்கிப் பிரகடனம் வந்தது. ஆய்வுக்கு உட்படுபவரின் நலன் ஆய்வின் நலனுக்கு மேலே என்பது அதன் அடிநாதம். சமூக ஆய்வுக்கும் அதே மனம்தான் வேண்டும். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவிடம் ஆய்வு தொடங்குவதற்கு முன் அனுமதி எடுங்கள். தரவு எடுத்து முடித்த பிறகு கேட்டால் அனுமதி தர மாட்டார்கள், தருவதும் சரியில்லை. அனுமதி இலக்கம் இல்லாமல் வரும் கட்டுரையை நாங்கள் மீளாய்வுக்கே அனுப்புவதில்லை.

சம்மதப் படிவத்தை ஆங்கிலத்திலிருந்து அப்படியே பெயர்த்து, "பங்குபற்றுநராகிய நான்" என்று தொடங்கும் தாளில் கைநாட்டு வாங்காதீர்கள். வாயால் சொல்லுங்கள். எதற்காகக் கேட்கிறேன், எங்கே எழுதப்போகிறேன், பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம், நடுவில் போதும் என்று சொல்லலாம், இதனால் வீடோ சலுகையோ கிடைக்கப்போவதில்லை. கடைசியாகச் சொன்னதை இரண்டு தரம் சொல்லுங்கள். கையில் தாளும் பேனையுமாக யார் வந்தாலும் ஏதோ உதவிக்குப் பேர் எழுத வந்திருக்கிறார்கள் என்றுதான் நம் சனம் நினைக்கும். அந்த நம்பிக்கையில் கிடைக்கும் பதில் தரவாகவும் உதவாது.

அடையாளம் மறைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். பேரை மாற்றினால் மறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். "தலவாக்கலைக்கு அருகில் உள்ள ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் கங்காணி வேலை பார்க்கும் 47 வயதுப் பெண், மூன்று பிள்ளைகளின் தாய், கணவர் இறந்தவர்" என்று ஒரு கட்டுரையில் வந்தது. பேர் எதற்கு? அந்தப் பிரிவில் பெண் கங்காணி ஒருவர்தான். அவர் நிர்வாகத்தைப் பற்றி என்ன சொன்னார் என்பது அடுத்த வரியில் இருந்தது. அச்சுக்குப் போகுமுன் எங்கள் கண்ணில் பட்டது நல்லகாலம். வயதை நாற்பதுகளில் என்று மாற்றி, பிரிவையும் குடும்ப விவரத்தையும் எடுத்துவிட்டோம். லயத்து வீடுகளின் படமும் அப்படித்தான். சுவரில் தொங்கும் சாமிப் படம், வாசலில் காயும் பள்ளிச் சட்டை, ஊர்க்காரர் பார்த்தவுடனே யார் வீடு என்று சொல்லிவிடுவார்.

மீளாய்வில் என்னென்ன தவறுகள் நடக்கும்?

மீளாய்வாளர் கட்டுரையை மாதக்கணக்கில் வைத்துக்கொண்டு அதற்குள் தன்னுடையதை வெளியிடலாம். தன் கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொல்லி வற்புறுத்தலாம். கையெழுத்துப் பிரதியை மாணவர்களுக்குப் பகிரலாம். ஆசிரியர் பக்கத்திலும் நடக்கும். மீளாய்வாளர் என்று பேர் சொல்லிப் பொய் மின்னஞ்சல் முகவரி தந்து, தன் கட்டுரையைத் தானே புகழ்ந்து எழுதியவர்கள் உண்டு. 2014இல் ஒரு சர்வதேசப் பொறியியல் இதழ் இந்த மாதிரிக் கும்பல் வேலையைக் கண்டுபிடித்து வெளியிட்ட 60 கட்டுரைகளை இனி நம்ப வேண்டாம் என்று ஒரேயடியாக மீளப்பெற்றது.

நமக்கு இன்னொரு இடைஞ்சல், வட்டம் சிறியது. மலையகம் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். பேரை எடுத்துவிட்டு அனுப்பினாலும் "என் பெற்றோர் வேலை செய்த தோட்டம்" என்ற ஒரு வரியில் ஆள் தெரிந்துவிடும். அதனால் மீளாய்வாளரிடம் நேராகவே கேட்கிறோம்: உறவா, ஒன்றாக வேலை செய்கிறீர்களா, சண்டையா, ஒரே தொழிற்சங்கமா? ஆசிரியரிடமும் கேட்கிறோம், பணம் தந்தது தோட்டக் கம்பனியா, அரச சார்பற்ற நிறுவனமா, சங்கமா என்று. பணம் வாங்குவது குற்றமில்லை, படிப்பவருக்குத் தெரிந்தால் சரி.

ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பலாமா?

கூடாது. ஓர் இதழ் முடிவு சொன்ன பிறகு, அல்லது நீங்கள் எழுத்தில் திரும்பப் பெற்ற பிறகு, அடுத்ததற்கு அனுப்புங்கள். மாநாட்டில் வாசித்த சுருக்கத்தை விரித்து எழுதினால் பிரச்சினை இல்லை, அதைக் குறிப்பிடுங்கள்.

மூன்று நாளில் வெளியிடுகிறோம், காசு கட்டுங்கள் என்று மின்னஞ்சல் வருகிறது. நம்பலாமா?

காசு கேட்பதாலேயே ஒரு இதழ் போலி ஆகிவிடாது. திறந்த அணுக்கத்தில், அதாவது யாரும் காசில்லாமல் படிக்கும்படி, வெளியிடும் நல்ல இதழ்கள் பலவும் கட்டணம் வாங்குகின்றன. மூன்று நாளில் மீளாய்வு நடக்காது, அதுதான் அடையாளம். இன்னும் பட்டம் முடிக்காத பிள்ளையை "மதிப்புக்குரிய பேராசிரியரே" என்று அழைக்கும் மின்னஞ்சலும் அடையாளம். 2013இல் ஜோன் பொஹானன் என்பவர் வேண்டுமென்றே பிழைகள் நிறைந்த பொய் மருத்துவக் கட்டுரையைத் தயாரித்து 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன.

பதிப்பாசிரியர் குழுவில் உள்ளவர்களைத் தேடிப் பாருங்கள், உண்மையில் அவர்களுக்குத் தெரியுமா என்று ஒருவருக்காவது எழுதிக் கேளுங்கள். பழைய இதழ்களில் இரண்டு கட்டுரையைப் படித்துப் பாருங்கள். நம் நாட்டு இதழ்களுக்கு, தேசிய விஞ்ஞான மன்றம் நடத்தும் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல தொடக்கம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சிலோன் ஜேர்னல் ஒஃப் சயன்ஸ் அங்கே இருக்கிறது. பதவி உயர்வுப் புள்ளிக்காக அவசரப்படுகிறவர்களின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் இப்படி ஓர் இதழில் மாட்டினால் கட்டுரையைத் திரும்ப எடுக்கவும் காசு கேட்பார்கள், அது நல்ல தரவாக இருந்தால் இரட்டை நட்டம்.

வெளிவந்த கட்டுரையில் முறைகேடு தெரிகிறது. முறைப்பாடு செய்தால் என்ன நடக்கும்?

எங்களுக்கு எழுதும்போது "இந்த ஆள் கள்ளன்" என்று எழுதாதீர்கள். எந்தப் பக்கம், எந்த அட்டவணை, எதோடு ஒத்துப்போகிறது என்று எழுதுங்கள். பேர் போடாத முறைப்பாட்டையும் படிப்போம், ஆதாரம் இருந்தால் விசாரிப்போம். முதலில் குழுவில் இருவர் சரிபார்ப்போம். பிறகு ஆசிரியருக்கு எழுதி விளக்கம் கேட்போம். தரவைக் கேட்போம். பதில் திருப்தி தராவிட்டால் அவர் நிறுவனத்துக்கு எழுதுவோம், ஏனென்றால் ஆய்வுக்கூடத்தையும் அலுமாரியையும் திறந்து பார்க்கும் அதிகாரம் அவர்களுக்குத்தான் உண்டு. இது முடியும்வரை சம்பந்தப்பட்டவர் பேரை வெளியே பேச மாட்டோம். குற்றம் சாட்டப்பட்டவர் குற்றமற்றவராகவும் இருக்கலாம், அப்படியும் நடந்திருக்கிறது.

முடிவு மூன்று விதமாக வரலாம். சிறு பிழை என்றால் திருத்தம். விசாரணை இழுபட்டு, படிப்பவர்களை எச்சரிக்க வேண்டியிருந்தால் கரிசனைக் குறிப்பு. முடிவுகளை நம்ப முடியாது என்றால் மீளப்பெறல். மீளப்பெற்ற கட்டுரையை அழித்துவிட மாட்டோம். "மீளப்பெறப்பட்டது" என்ற அடையாளத்தோடு, யார் எதற்காக மீளப்பெற்றார் என்ற அறிவித்தலோடு அதே இடத்தில் இருக்கும். அழித்தால், முன்பே படித்து மேற்கோள் காட்டியவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் போய்விடும். உலகம் முழுக்க மீளப்பெற்ற கட்டுரைகளின் பட்டியலை ரிட்ராக்‌ஷன் வொட்ச் சேர்த்து வருகிறது. 2023இல், கட்டுரைகளுக்கு அடையாள இலக்கம் பதியும் கிரொஸ்ரெஃப் அமைப்பு அதை வாங்கி எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. மேற்கோள் காட்டுமுன் ஒரு தரம் தேடிப் பாருங்கள்.

தாமதத்தின் விலைக்கு ஓர் உதாரணம். 1998இல் லான்செட் இதழில் அன்ட்ரூ வேக்ஃபீல்டும் 12 பேரும் எழுதிய கட்டுரை, தட்டம்மைக்கான கூட்டுத் தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் சேர்த்துப் பேசியது. அடிப்படை வெறும் 12 பிள்ளைகள். தடுப்பூசிக் கம்பனிகளுக்கு எதிராக வழக்காடும் சட்டத்தரணிகளிடம் வேக்ஃபீல்ட் பணம் பெற்றதை மறைத்திருந்தார். பிறயன் டீயர் என்ற பத்திரிகையாளர் விடாமல் தோண்டினார். 2004இல் அவரோடு சேர்ந்து எழுதியவர்களில் 10 பேர் அந்த விளக்கத்திலிருந்து விலகினார்கள். முழுமையாக மீளப்பெற 2010 ஆகிவிட்டது. அந்த 12 வருடத்தில் எத்தனை தாய்மார் பயந்துபோய்ப் பிள்ளைக்கு ஊசி போடாமல் விட்டார்கள்! அதே லான்செட் 2020 மே மாதம் கொரோனாவுக்கு ஹைட்ரொக்சிகுளோரோகுயின் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. சேர்ஜிஸ்பியர் என்ற கம்பனி தந்த தரவைச் சுயாதீனமாகச் சரிபார்க்க முடியாமல் போனபோது இரண்டு கிழமைக்குள் மீளப்பெறப்பட்டது. தரவைக் காட்டு என்று பலர் ஒன்றாகக் கேட்டதால்தான் அவ்வளவு சீக்கிரம் நடந்தது.

என் கட்டுரையில் நானே பெரிய பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன். சொன்னால் பேர் கெட்டுவிடுமே?

சொல்லுங்கள், இன்றைக்கே. பிரான்சஸ் ஆர்னல்ட் 2018இல் வேதியியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர். அடுத்த வருடம் சயன்ஸ் இதழில் வந்த தன் குழுவின் கட்டுரையை 2020 ஜனவரியில் அவரே மீளப்பெற்றார். முடிவுகளைத் திரும்பச் செய்ய முடியவில்லை, நான் சரியாகக் கவனிக்கவில்லை என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதனால் அவர் மேலிருந்த மதிப்பு கூடியதுதான் நான் கண்டது. நீங்களே வந்து சொல்லும்போது அறிவித்தலில் "ஆசிரியரே அறியத்தந்தார்" என்று எழுதுவோம்.

மேற்பார்வையாளர் மேல் முறைப்பாடு செய்தால் பட்டமே போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். துணிந்து செய் என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம், கடனுக்கு நகை வைத்துப் படிக்க அனுப்பிய வீட்டுக்கு என்ன பதில்? ஆதாரங்களைப் பல்கலைக்கழகக் கணக்கில் மட்டும் வைக்காமல் உங்களிடமும் வையுங்கள். அதே துறையில் இல்லாத, நம்பக்கூடிய மூத்தவர் ஒருவரிடம் முதலில் பேசுங்கள். மற்ற மாணவர்களுக்கும் அதே நடந்திருந்தால் சேர்ந்து எழுதுங்கள். பட்டம் முடிந்த பிறகு எழுதினாலும் நாங்கள் எடுப்போம், இதழ் முறைப்பாட்டுக்குக் காலக்கெடு வைத்திருக்கவில்லை. உங்கள் பேரை உங்கள் சம்மதம் இல்லாமல் யாருக்கும் தர மாட்டோம்.

கட்டுரை வந்தபிறகு அதைத் தோட்டத்து மக்களிடம் காட்ட வேண்டுமா?

விதி என்று எழுதி வைக்கவில்லை. நான் காட்டச் சொல்வேன்.

கொழுந்து நிறுவையில் சாக்குக்கும் ஈரத்துக்குமாகக் கழிக்கும் கிலோ பற்றி நானும் இரண்டு பேரும் ஒரு கட்டுரை எழுதினோம். இதழ் வந்ததும் அந்தத் தோட்டத்துக்குப் போய், கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, முக்கியமான பகுதிகளை வாசித்தேன். ஒரு தடவைக்கு ஒரு கிலோ கழிக்கிறார்கள் என்று வாசித்ததும் பின்னால் இருந்த ஒரு அம்மா கையைத் தூக்கினார். "டீச்சர், அது வெயில் நாளு கணக்கு. மழ நாளுல ரெண்டு, சில நாளு மூணும் வெட்டுவாங்க. நீங்க மாசியில வந்தீங்க, அதான் தெரியல."

அவர் சொன்னது சரி. நாங்கள் மாசியில்தான் போயிருந்தோம், மழைக்காலத்தில் ஒரு நாள்கூட நிறுக்கும் இடத்தில் நிற்கவில்லை. ஆடியில் திரும்பப் போய் எட்டு நாள் நின்று எழுதினோம். அடுத்த இதழில் திருத்தம் வந்தது. கழிவு ஒரு கிலோ என்பது வரண்ட மாதத்துக்கு மட்டுமே பொருந்தும் என்றும், மழை நாள் அளவு எவ்வளவு என்றும், இதைச் சுட்டிக்காட்டியவர் அந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஒரு தொழிலாளி என்றும் எழுதினோம். பேர் போடவா என்று கேட்டேன். வேணாம் டீச்சர், கணக்கு சரியா வந்தா போதும் என்றார்.